அந்த ஒரு ரூபா யாருடையது?

நிவித்திகல பசாரில் ஒரு பக்கம் மாணிக்கக்கல் பேரம் இலட்சக்கணக்கில் நடக்கும். அதற்கு எதிரே பலசரக்குக் கடையில் ஒரு ரூபா மிச்சக் காசுக்கு வாய்த்தர்க்கம் நடக்கும். இரண்டும் எமது ஊர் வியாபாரம்தான். ஆனால் இரண்டாவதைப் பற்றி நாம் எவரும் பேசுவதில்லை.

ஒரு ரூபாக் குற்றியை அரசு நிறுத்திவிடலாமா என்று கேட்டால், வியாபாரிகளாகிய நாம் அதை எப்போதோ நிறுத்திவிட்டோம் என்பதே நேர்மையான பதில். 72 ரூபா பில்லுக்கு 75 எடுக்கிறோம். மிச்சம் கேட்டால் ஒரு டொபியைக் கொடுக்கிறோம். 2025 ஜூலையில் பஸ் கட்டணம் திருத்தப்பட்டபோதும் ஆகக்குறைந்த கட்டணம் 27 ரூபாவாகவே இருந்தது. 30 ரூபா கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு 3 ரூபா திரும்பக் கிடைத்தது என்பதைப் பயணம் செய்பவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

இலங்கையில் 1872 இல் ரூபா, சதக் கணக்கு வந்த காலத்தில் கால் சதக் குற்றிகூட இருந்தது. இன்று 50 சதத்தை நீட்டினால் கடைக்காரர் சிரிப்பார். 2017 இல் மத்திய வங்கி 1, 2, 5, 10 ரூபாக் குற்றிகளைத் துருப்பிடிக்காத உருக்கில் வெளியிட்டது. ஐந்து வருடம் செல்வதற்குள், 2022 இல், 200 ரூபா அளவில் இருந்த டொலர் 360 ஐத் தாண்டியது. அவ்வருடம் செப்டம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். உருக்குத் துருப்பிடிக்கவில்லை, பெறுமதிதான் அரித்துப்போய்விட்டது. எஞ்சிய குற்றிகளும் வீட்டு உண்டியல்களிலும், நேர்ச்சைக்கென்று பௌத்த சகோதரர்கள் துணியில் முடியும் பண்டுரவிலும் போய்த் தங்கிவிடுகின்றன.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். நாளொன்றுக்கு 200 பேர் வரும் கடையில் ஆளுக்கு 2 ரூபா வீதம் நின்றால் 400 ரூபா. மாதம் 26 நாளைக்கு 10,400 ரூபா. இது இலாபமா? அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரைக் கண்டித்தே ஸூரா அல்முதஃப்பிஃபீன் ஆரம்பமாகிறது என்பதை நாம் அறிவோம். தராசை நேராகப் பிடித்துவிட்டு லாச்சியில் கணக்கைச் சாய்த்தால், அந்தப் பணத்தில் பரக்கத் எங்கிருந்து வரும்?

பிறரைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. சில வருடங்களுக்கு முன் தோட்டத்திலிருந்து வழமையாக வரும் ஒரு தாய், முந்தானை முடிச்சை அவிழ்த்து டொபிகளை மேசையில் வைத்தார். "மொதலாளி, இதுல ஒம்பது இருக்கு. சீனிக் காசுல கழிச்சுக்கிறீங்களா?" என்றார். அத்தனையும் என் கடை டொபிகள். கழித்துக்கொண்டேன். கூலி கிடைத்த அன்றைக்கே மாதச் சாமானையெல்லாம் வாங்கிவிட முடியாமல், 250 கிராம், 100 கிராம் என்று தினமும் வாங்குபவர்களிடம்தான் இந்த ஒன்று, இரண்டு ரூபாக்கள் அதிகம் பறிபோகின்றன. மொத்தமாக வாங்குபவருக்கு மாதத்தில் ஒரு முறைதான் இழப்பு.

ஆகவே நிறுத்துவதே நல்லது, ஆனால் சட்டத்தோடு நிறுத்த வேண்டும். அவுஸ்திரேலியா 1992 இல் 1, 2 சதக் குற்றிகள் இரண்டையும் ஒன்றாகக் கைவிட்டது. கனடா 2013 இல் ஒரு சதத்தை விநியோகிப்பதை நிறுத்தியது. அங்கெல்லாம் காசாகச் செலுத்தும்போது மட்டும் பில்லின் மொத்தத் தொகையைக் கிட்டிய ஐந்துக்கு மாற்றுவார்கள். அட்டையில் செலுத்தினால் சரியான தொகையே கழியும். அமெரிக்காவோ 2025 நவம்பரில் புழக்கத்துக்கான கடைசி ஒரு சதத்தை அச்சடித்தது. நாடு முழுவதற்கும் பொதுவான விதியொன்றை முன்கூட்டி வகுக்காததால் கடைக்காரர்கள் தடுமாறினார்கள்.

எமக்கும் 1, 2 ரூபா இரண்டும் சேர்ந்தே போகட்டும். 71, 72 என்றால் 70. 73, 74 என்றால் 75. ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாக அல்ல, மொத்த பில்லுக்கு மட்டும். கிலோ 285 ரூபாப் பருப்பில் 250 கிராம் 71 ரூபா 25 சதம். இன்று 75 எடுக்கும் கடை அன்று 70 தான் எடுக்க முடியும். சில நாள் எமக்கு இலாபம், சில நாள் வாடிக்கையாளருக்கு. லங்கா கியூஆரில் செலுத்துபவருக்குச் சதமும் தவறாது. விலைகளை வேண்டுமென்றே 3 இலும் 8 இலும் முடியும்படி வைக்கும் கெட்டிக்காரர்கள் எம்மில் இல்லாமலில்லை. அவர்களைப் பார்த்துக்கொள்ளப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது.

வர்த்தக சங்கங்கள் இதனை மத்திய வங்கிக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். சட்டம் வரும்வரை கீழ்நோக்கி விட்டுக்கொடுப்பதை எவரும் தடுக்கவில்லை. டொபிப் போத்தலை நான் மேசையிலிருந்து உள் இராக்கைக்கு மாற்றி வெகுநாளாகிறது. பள்ளிவாசல் உண்டியலில் ஐந்து ரூபாவுக்குக் குறைந்த குற்றி விழாது என்பதால், நிர்வாக சபையினரும் இந்த யோசனையை எதிர்க்கமாட்டார்கள் என நம்புகிறேன்.