சிங்கவால் குரங்குகளைக் காணச் செல்வோர் விலகி நிற்க வேண்டியது ஏன்? கொரில்லா காடுகள் தரும் பாடம்

வால்பாறை: பொள்ளாச்சியிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கோவை மாவட்டம் வால்பாறைக்குச் செல்லும் சுற்றுலாப் பயணிகள், நகரை ஒட்டியுள்ள புதுத்தோட்டம் பகுதியில் சாலையோரத்திலேயே சிங்கவால் குரங்குகளைக் காண்கின்றனர். உலகிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் அரிய இனம் இது. எளிதில் கிடைக்கும் இந்தக் காட்சியே அவற்றுக்கு ஆபத்தாகவும் மாறியுள்ளது.

சாலைக்கு வருவது ஏன்?

சோலைமந்தி என்றும் அழைக்கப்படும் இக்குரங்குகள் இயல்பில் மழைக்காட்டு மரங்களின் உச்சியில் வாழ்பவை. தேயிலை, காபித் தோட்டங்களுக்காக வால்பாறையின் காடுகள் அழிக்கப்பட்டதால், எஞ்சிய சோலைகள் சிறு சிறு துண்டுகளாகிவிட்டன. மரக்கிளைகளின் தொடர்ச்சி அறுபட்ட இடங்களில் அவை தரையில் இறங்கிச் சாலையைக் கடக்கின்றன. அப்போது வாகனங்களில் அடிபட்டு இறக்கின்றன.

இதைத் தடுக்கச் சாலையின் இருபுறமும் உள்ள மரங்களை இணைத்துத் தொங்கு பாலங்கள் அமைக்கப்பட்டுள்ளன. ஆனால், பயணிகள் தின்பண்டங்களை வீசும்போது குரங்குகள் பாலத்தை விட்டு மீண்டும் சாலைக்கே வருகின்றன. ஒரு முறைக்கு ஒரு குட்டி மட்டுமே ஈனும் இவ்வினத்தில், அடுத்த குட்டி பிறக்க இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். எனவே ஒவ்வோர் இழப்பும் எளிதில் ஈடுசெய்ய இயலாதது.

கொரில்லாக்களைக் காண விதிகள்

ஆப்பிரிக்காவின் ருவாண்டா, உகாண்டா நாடுகளில் மலைக் கொரில்லாக்களைக் காண வழிகாட்டியுடன் மட்டுமே செல்ல முடியும். ஒரு கொரில்லாக் கூட்டத்தை நாளொன்றுக்கு அதிகபட்சம் 8 பயணிகள், ஒரு மணி நேரம் மட்டுமே பார்க்கலாம். அருகில் நெருங்கவோ உணவளிக்கவோ கூடாது. சளி, காய்ச்சல் உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை.

மனிதரின் நோய்கள் கொரில்லாக்களுக்கும் எளிதில் தொற்றும் என்பதே இதற்குக் காரணம். அமெரிக்காவின் சான் டியாகோவில் உள்ள விலங்குப் பூங்கா ஒன்றின் கொரில்லாக்களுக்கு 2021 ஜனவரியில் கொரோனா தொற்று உறுதியானது குறிப்பிடத்தக்கது.

ருவாண்டாவில் வெளிநாட்டுப் பயணி ஒருவருக்கான கட்டணம் 1,500 டாலர். தேசியப் பூங்காக்களின் சுற்றுலா வருவாயில் 10 சதவீதம் சுற்றியுள்ள மக்களின் நலத்திட்டங்களுக்கு அளிக்கப்படுவதால், காட்டைக் காப்பதில் அவர்களுக்கும் பங்கு உண்டாகிறது.

விருங்கா மலைத்தொடரில் 1981-இல் 254 ஆக இருந்த கொரில்லாக்கள், 2015-16 கணக்கெடுப்பில் 604 ஆக உயர்ந்தன. வேட்டைத் தடுப்பு ரோந்து, கால்நடை மருத்துவர்களின் நேரடிச் சிகிச்சை ஆகியவற்றுடன் சுற்றுலாக் கட்டுப்பாடுகளும் இதற்கு உதவின. 2018-இல் இவ்வினம் 'மிகவும் அழியும் நிலை' என்ற பட்டியலிலிருந்து 'அழியும் நிலை' பட்டியலுக்கு மாற்றப்பட்டது. சிங்கவால் குரங்கும் அதே 'அழியும் நிலை' பட்டியலில்தான் உள்ளது.

பயணிகள் செய்ய வேண்டியவை

வால்பாறைச் சாலையில் சீட்டும் இல்லை, நேரக் கட்டுப்பாடும் இல்லை. ஆகவே பொறுப்பு பயணிகளையே சார்ந்தது. குரங்குகள் கடக்கும் இடங்களில் வாகன வேகத்தைக் குறைக்க வேண்டும். உணவு அளிப்பதையும் குப்பை வீசுவதையும் தவிர்க்க வேண்டும். படம் எடுப்பதற்காக அவற்றைச் சூழ்ந்து நிற்காமல், மரக்கிளையில் இருக்கும்போது தொலைவிலிருந்து பார்ப்பதே அவற்றுக்குப் பாதுகாப்பானது.