வரியின் இறுதியில் ஒரு மறைகுறி

கணிப்பொறிக் கோப்பு ஒன்றில் நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்துக்களே எல்லாம் என்று எண்ணுகிறோம். ஆனால் ஒவ்வொரு வரியின் இறுதியிலும் கண்ணுக்குப் புலனாகாத குறி ஒன்று உண்டு. பலர் கூடிச் செய்யும் வேலையைக் குலைக்கும் ஆற்றல் அக்குறிக்கு இருக்கிறது. அஃது எவ்வாறு என்று காண்போம்.

தட்டச்சுப் பொறியில் ஒரு வரி முடிந்ததும் இரண்டு செயல்கள் நிகழ வேண்டும். எழுத்து மீண்டும் இடது ஓரத்தில் விழும்படி வண்டியைத் தள்ளுதல் ஒன்று. தாளை ஒரு வரி மேலேற்றுதல் மற்றொன்று. டெலிபிரிண்டர்களும் இவ்விரண்டையும் தனித்தனிக் குறிகளாகவே கொண்டன. 1963-இல் வகுக்கப்பெற்ற ஆஸ்கி அட்டவணையில் முன்னதற்கு 13, பின்னதற்கு 10 என எண்கள் அமைந்தன. பின்னர் வந்த யூனிக்ஸ் 10 ஒன்றே போதும் என்றது. லினக்சும் அவ்வழியே சென்றது. டாசும் விண்டோசும் 13, 10 இரண்டையும் வைத்துக்கொண்டன.

இனி, கிட் என்னும் மென்பொருளுக்கு வருவோம். லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் ஆக்கிய இது, கோப்பில் யார், எப்போது, எதை மாற்றினார் என்பதைப் பதிந்து வைக்கிறது. அது வரிகளை ஒப்பிடும்போது மறைகுறியையும் வரியின் பகுதியாகவே கொள்கிறது.

இதன் விளைவை எங்கள் ஆய்வுக் குழுவில் நேரே கண்டேன். 500 வரி கொண்ட நிரலில் ஓர் எண் மட்டுமே திருத்தப்பட்டது. ஆனால் திருத்தியவரின் எழுதுகருவி எல்லா வரிகளுக்கும் விண்டோஸ் முடிவை இட்டுச் சேமித்துவிட்டது. கிட்டோ, 500 வரிகள் நீக்கப்பட்டு 500 வரிகள் புதிதாகச் சேர்ந்ததாகக் காட்டியது. மாறிய எண் எங்கே? தெரியவில்லை. அதனினும் வருந்தத்தக்கது ஒன்று உண்டு. வரிதோறும் எழுதியவர் யார் என வினவினால், படிப்பு முடித்துச் சென்ற மூத்த மாணவரின் பெயர் மறைந்து, கடைசியாகச் சேமித்தவர் பெயரே எங்கும் வந்தது. ஈராண்டு உழைப்பின் சான்றை ஒரு பைட் மறைத்துவிட்டது! வெற்றிட வேறுபாட்டை ஒதுக்கிக் காட்டும்படி கிட்டிடம் கேட்டால் பழைய பெயர்கள் மீண்டும் தோன்றும். ஆனால் அதை அறிந்து கேட்போர் சிலரே.

இதற்குக் கிட் இரு வழிகள் தருகிறது. முதலாவது, அவரவர் பொறியில் அமைக்கும் ஆட்டோசிஆர்எல்எஃப் என்னும் ஏற்பாடு. இதற்கு 'ட்ரூ' என விடையளித்தால், கோப்பை எடுக்கும்போது விண்டோஸ் முடிவும், பதியும்போது யூனிக்ஸ் முடிவும் இடப்படும். 'இன்புட்' என்றால் பதியும்போது மட்டும் மாற்றம் நிகழும். 'ஃபால்ஸ்' என்றால் மாற்றமே இல்லை. இதன் குறை என்னவெனில், குழுவில் ஒருவர் மறந்தாலும் பழைய குழப்பமே மிஞ்சும்.

இரண்டாவது வழியே சிறந்தது. கிட்அட்ரிபியூட்ஸ் என்னும் சிறு கோப்பில் விதிகளை எழுதி, நிரல்களோடு சேர்த்தே பதிந்துவிடலாம். அப்போது விதி எல்லோருக்கும் பொதுவாகிறது. 'டெக்ஸ்ட்=ஆட்டோ' என்று அதில் எழுதினால், எது உரை, எது படம் எனக் கிட்டே பிரித்தறிந்து, உரையை யூனிக்ஸ் முடிவோடு பதியும். லினக்ஸில் ஓடவேண்டிய ஷெல் நிரல்களுக்கு 'ஈஓஎல்=எல்எஃப்' என்று தனியே விதித்தல் நலம். இல்லையேல் முதல் வரியின் இறுதியில் ஒட்டிய 13-ஐயும் லினக்ஸ் பெயரின் பகுதியாகக் கொண்டு, அப்படியொரு நிரலே இல்லை என்று கைவிரிக்கும்.

முன்பே பதிந்த கோப்புகளை 'ரீநார்மலைஸ்' என்னும் கட்டளையால் சீராக்கலாம். அச்சீரமைப்பைப் பிற திருத்தங்களோடு கலவாமல் தனியே பதிய வேண்டும்.

கூட்டாக ஆய்வு தொடங்கும் நண்பர்கள் முதல் நாளிலேயே இவ்விதிக் கோப்பை எழுதி வைப்பார்களாக. ஐந்து நிமிட வேலை. பிறர் உழைப்புக்கு நாம் செய்யும் மரியாதையும் அதுவே.