காசு கொடுத்து வாங்கிய 'கேமிங் மவுஸ்' தாறுமாறாக ஓடுகிறதா? சாப்ட்வேரில் சரி செய்வது எப்படி?

சென்னை ரிச்சி தெருவில் தொடங்கி எல்லா ஊர் கம்ப்யூட்டர் கடைகளிலும் இப்போது 'கேமிங் மவுஸ்' கிடைக்கிறது. பிள்ளைகள் அடம் பிடிக்க, பெற்றோரும் வாங்கிக் கொடுத்து விடுகிறார்கள்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும், "என்னப்பா இது, லேசா தொட்டாலே எங்கேயோ ஓடுது" என்று புலம்புபவர்கள் பலர். கோளாறு மவுசில் இருப்பதில்லை. 'செட்டிங்' சரி செய்யாததுதான் காரணம்.

லாஜிடெக் நிறுவனத்தின் ஜி102 மவுசை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இதில் 6 பட்டன்கள் உள்ளன. இதற்கான 'ஜி ஹப்' சாப்ட்வேரை இலவசமாகவே டவுன்லோடு செய்யலாம். செய்ய வேண்டியவை வருமாறு:-

வேகம் எவ்வளவு?

'சென்சிட்டிவிட்டி' பகுதியில் டி.பி.ஐ. என்ற அளவு இருக்கும். மவுசை 1 அங்குலம் நகர்த்தினால் அது எத்தனை புள்ளிகளாக கணக்கிடப்படும் என்பதே டி.பி.ஐ. இந்த மவுசில் 200 முதல் 8,000 வரை வைக்கலாம்.

"அதிகம் வச்சா நல்லா இருக்கும்" என்று பலரும் 8 ஆயிரத்தில் வைத்து விடுகிறார்கள். இங்குதான் சிக்கல். புல் எச்.டி. திரையின் அகலம் 1,920 புள்ளிகள். 8 ஆயிரத்தில் வைத்தால் கால் அங்குலம் நகர்த்துவதற்குள் அம்புக்குறி திரையின் மறுமுனைக்கு போய் விடும். 800-ல் வைத்தால் சுமார் 2½ அங்குலம் நகர்த்த வேண்டும். கை கட்டுப்பாட்டில் இருக்கும்.

எனவே 800-ல் தொடங்கி, தேவைப்பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக கூட்டலாம். விண்டோஸ் மவுஸ் செட்டிங்கில் உள்ள 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' டிக்கையும் எடுத்து விடுங்கள். அது இருந்தால் கையின் வேகத்துக்கு ஏற்ப அம்புக்குறி ஓடும் தூரமும் மாறிக்கொண்டே இருக்கும்.

'ரிப்போர்ட் ரேட்' 1,000 என்றால் மவுஸ் வினாடிக்கு 1,000 முறை கம்ப்யூட்டருக்கு தகவல் தருகிறது என்று அர்த்தம். பழைய கம்ப்யூட்டர் திணறினால் 500-க்கு குறைக்கலாம்.

டி.டி.பி. வேலைக்கும் உதவும்

'அசைன்மென்ட்ஸ்' பகுதியில் பட்டன்களின் வேலையை மாற்றலாம். பக்கவாட்டில் உள்ள 2 பட்டன்களில் ஒன்றுக்கு 'காப்பி', மற்றொன்றுக்கு 'பேஸ்ட்' என்று வைத்தால், நாள் முழுக்க டைப் செய்பவர்களுக்கு கை வலி மிச்சம். விளையாட்டுக்கு மட்டும்தான் இந்த மவுஸ் என்று நினைக்க வேண்டாம்.

மவுசுக்குள்ளேயே சிறிய மெமரி உள்ளது. 'ஆன்போர்டு மெமரி மோட்' ஆன் செய்து அதில் பதிவு செய்து விட்டால், வேறு கம்ப்யூட்டரில் சொருகினாலும் டி.பி.ஐ., பட்டன் மாற்றம் எல்லாம் அப்படியே வேலை செய்யும். அங்கு சாப்ட்வேர் தேவை இல்லை.

'மேக்ரோ' ஜாக்கிரதை

ஒரு பட்டனை அழுத்தினால் பல வேலைகள் தானாக நடக்கும்படி செய்வதற்கு 'மேக்ரோ' என்று பெயர். ஆபீஸ் வேலைக்கு இது கை கொடுக்கும். ஆன்லைன் விளையாட்டில் இதுவே வினையாகலாம்.

'கவுன்டர் ஸ்டிரைக் 2' விளையாட்டை நடத்தும் வால்வ் நிறுவனம், ஒரே அழுத்தலில் பல அசைவுகளை தானாக செய்ய வைக்கும் வசதிகளுக்கு 2024 ஆகஸ்டு மாதம் தனது சர்வர்களில் தடை போட்டது. பிடிபட்டால் ஆட்டத்தில் இருந்து வெளியேற்றம்தான். சில விளையாட்டுகளில் கணக்கே முடக்கப்படும். காசு கொடுத்து வாங்கிய பொருட்களும் அதோடு போச்சு.

எங்கே டவுன்லோடு செய்வது?

மவுஸ் எந்த கம்பெனியோ, அந்த கம்பெனியின் இணையதளத்தில் மட்டுமே சாப்ட்வேரை எடுக்க வேண்டும். 'கிராக்', 'எய்ம் உதவி' என்று ஆசை காட்டும் பைல்களில் பாஸ்வேர்டு திருடும் வைரஸ் இருக்கலாம். அதே கம்ப்யூட்டரில்தான் அப்பாவின் பேங்க் கணக்கும் இருக்கிறது என்பதை பிள்ளைகளிடம் பெற்றோர் எடுத்துச் சொல்வது நல்லது.