உங்களுக்குத் தெரியுமா? வெள்ளைச் சின்னானின் சிவப்பு

செஞ்சித் தோட்டமொன்றில் வெள்ளை உடலோடு ஒரு சின்னான் கண்ணில் பட்டால், புதுப் பறவை என்று துள்ள வேண்டாம்; வாலடியைப் பாருங்கள். அங்கே சிவப்பு இருந்தால் அது நம் வழக்கமான கொண்டைச் சின்னான்தான்.

இறகுக்குக் கறுப்பும் பழுப்பும் தருவது பறவையின் உடலே உண்டாக்கும் மெலனின். மரபணு மாற்றத்தால் அது இறகுக்குப் போய்ச் சேராவிட்டால் வெளுப்பு. வாலடிச் சிவப்போ தின்னும் உணவிலிருந்து வரும் கரோட்டினாய்டு நிறமி, அதனால் தப்பிவிடுகிறது. கண் கறுப்பாகவே இருந்தால் இது லூசிசம். கண்ணும் சிவந்திருந்தால் அல்பினோ. இறகுக்கு உறுதி தருவதும் மெலனின்தான் என்பதால் வெள்ளை இறகு சீக்கிரம் தேயும்.

உண்மையிலேயே அரிய சின்னான் வேண்டுமா? செஞ்சிக் கோட்டைக் குன்றுகளின் பாறைப் புதர்களில் தேடுங்கள்: தென்னிந்தியத் தீபகற்பத்தில் மட்டுமே வாழும் மஞ்சள்தொண்டைச் சின்னான் அங்கே உண்டு.