கோலியும் ஒரு வால்வுதான்

கோலி சோடாவைக் கட்டைவிரலால் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கோலி லேசில் அசையாது. கடைக்காரர் மரக்கட்டையை பாட்டில் வாயில் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுவார். டப்பென்று கோலி உள்ளே விழும். பாட்டிலுக்குள் 5 பார் அழுத்தம், வாயின் குறுக்களவு 1 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், கோலியை மேலே தள்ளிப் பிடித்திருக்கும் விசை ஏறக்குறைய 4 கிலோ எடைக்குச் சமம். விரல் வலிக்காமல் என்ன செய்யும்?

அதை மூடியது யாருடைய கையும் இல்லை. பழைய சோடா மிஷினில் பாட்டில்களை இரும்புக் கூண்டில் வைத்து, கேஸைத் திறந்துவிட்டு, கைப்பிடியால் கூண்டைச் சுற்றுவார்கள். தண்ணீர் குலுங்கக் குலுங்க கேஸ் அதில் கரையும். பாட்டில் தலைகீழாகும்போது கோலி வாய்க்கு உருண்டு வந்து ரப்பர் வாஷரில் உட்காரும். பிறகு நிமிர்த்தினாலும் விழாது. உள்ளே இருக்கும் கேஸே அதை வாஷரோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கேஸ் கூடக் கூட மூடலும் இறுகும். லண்டனைச் சேர்ந்த ஹைரம் காட் 1872-ல் காப்புரிமை வாங்கிய யோசனை இது. கழுத்தில் இருக்கும் பள்ளமும் காரியமாகத்தான் வைத்தது. குடிக்கச் சாய்க்கும்போது கோலி அதில் தங்கிவிடும், வாயை அடைக்காது.

சோடாவே பீர்ப் பட்டறையில் பிறந்ததுதான். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லியின் வீட்டுப் பக்கத்தில் ஒரு மதுவடிசாலை. அங்கே நொதித்துக்கொண்டிருந்த தொட்டிகளுக்கு மேலே படிந்து நின்ற வாயுவைத்தான் 1767-ல் அவர் தண்ணீரில் கலந்தார். மேல்நாடுகளில் பலர் பீர்ப் பீப்பாயைக் குளிர்பெட்டிக்குள் வைத்து, சிலிண்டரில் இருந்து கேஸ் செலுத்தி, வீட்டிலேயே குழாயில் பிடித்துக் குடிக்கிறார்கள். தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம் வீட்டில் பீர் காய்ச்ச இடம் தராது. சோடா போட்டுக்கொள்ள யார் தடுப்பது? இரண்டுக்கும் குழாய் அமைப்பு ஒன்றே: சிலிண்டர், ரெகுலேட்டர், வால்வு, தண்ணீர் நிற்கும் தொட்டி.

இதையே திருத்தணியில் வைத்தால் சங்கதி சுவாரசியமாகும். கோடையில் வானிலை அறிக்கை கேட்பவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் பழக்கம். 40 டிகிரிக்கு மேல் போகும் ஊர்களின் பட்டியலில் தவறாமல் வரும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குள் சாதாரணமாகக் கீழே திரவம், மேலே வாயு என்று இருக்கும். 20 டிகிரியில் அழுத்தம் சுமார் 57 பார். 31 டிகிரியைத் தாண்டியதும் திரவத்துக்கும் வாயுவுக்கும் நடுவில் இருந்த கோடு மறைந்துவிடும். எவ்வளவு அமுக்கினாலும் அது இனித் திரவமாகாது. வாயுவைப் போலப் பரவும், திரவத்தைப் போல அடர்ந்திருக்கும். அங்கே வெயிலில் நிற்கும் சிலிண்டருக்குள் நடப்பது இதுதான். நிறைய நிரப்பிய சிலிண்டர் என்றால் 40 டிகிரியில் அழுத்தம் 100 பாரை எட்டும். அதை 5 பாருக்கு இறக்கித் தருவது ரெகுலேட்டரின் வேலை. சமையல் கேஸ் ரெகுலேட்டரை இங்கே மாட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது.

வெயில் தொட்டியையும் விடாது. தண்ணீர் சூடேறினால் கரைந்த வாயுவைக் கைவிடும். 0 டிகிரித் தண்ணீர் ஏற்கும் வாயுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் 40 டிகிரித் தண்ணீர் ஏற்கும். தொட்டியைச் சுற்றிப் போட்ட ஐஸ் கரைந்ததும் உள்ளே அழுத்தம் ஏறி, ரெகுலேட்டர் தரும் அழுத்தத்தையும் மிஞ்சும். அப்போது சோடா கேஸ் குழாய் வழியே பின்னால் ஏறும். ரெகுலேட்டருக்குள் போனால் அது கெட்டது. வழியில் செம்போ பித்தளையோ இருந்தால் அதைவிட மோசம். சோடாவின் அமிலம் செம்பைக் கரைக்கும், அதைக் குடித்தால் வாந்திதான்.

இதைத் தடுக்க வால்வு வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது கையால் திருகி மூடும் பால் வால்வை. உள்ளே துளையிட்ட ஒரு உருண்டை. கால் சுற்றுத் திருப்பினால் துளை குழாய்க்குக் குறுக்கே நின்று அடைக்கும். கைப்பிடி குழாயோடு நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. தூரத்தில் நின்றே சொல்லிவிடலாம். நல்ல சாமான்தான். ஆனால் மதியம் இரண்டு மணிக்கு ஐஸ் கரையும்போது அதை மூட யார் இருப்பார்கள்? என்னைக் கேட்டால், முதலில் வாங்க வேண்டியது பிளம்பர்கள் என்.ஆர்.வி. என்று சொல்லும் நான்-ரிட்டர்ன் வால்வு. ஒரு சின்ன குண்டு, பின்னால் ஒரு ஸ்பிரிங். கேஸ் முன்னால் போக வழிவிடும். எதிர்ப்பக்க அழுத்தம் கூடினால் அந்த அழுத்தமே குண்டைத் தள்ளி வழியை அடைக்கும். பாட்டில் கழுத்தில் கோலி செய்யும் அதே வேலை.

இரண்டும் சேர்ந்தே வரும் வால்வுகளும் உண்டு. தொட்டிகள் பல என்றால் ஒவ்வொன்றின் குழாய்க்கும் தனித்தனியாக வேண்டும், இல்லையேல் ஒன்றின் பன்னீர் மற்றதில் மணக்கும். உலர்ந்த கேஸ் மட்டும் போகும் இடத்துக்குப் பித்தளை போதும். சோடா படும் இடமெல்லாம் துருப்பிடிக்காத எஃகு. மாட்டியதும் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்பது அவசியம். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், நிறமோ மணமோ இல்லை. கசிந்தால் மூடிய அறையில் தரையோடு தேங்கி மூச்சை அடைக்கும். அதனால் சிலிண்டருக்கு இடம் அறைக்கு வெளியேதான், நிழலில், சங்கிலி போட்டு நிமிர்த்தி.