‘இங்கே வசதியில்லை’ என்று பள்ளி சொன்னால்: மாற்றுத்திறனுள்ள நம் பிள்ளைகளின் கல்வி உரிமை

"எங்கள் பள்ளியில் அதற்கான வசதி இல்லை. வேறு இடம் பாருங்கள்."

மாற்றுத்திறனுள்ள பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் பதில் இது. பலர் இதைச் சட்டப்படியான பதில் என்று நம்பித் திரும்பிவிடுகிறார்கள். பிள்ளை வீட்டில் தங்கிவிடுகிறது. காஞ்சிபுரம் போன்ற நெசவு ஊரில் வீட்டில் தங்கும் பிள்ளை பெரும்பாலும் தறியோரத்தில்தான் வளர்கிறது. பெண் பிள்ளையாக இருந்தால் வெளியாருக்கு அப்படி ஒரு பிள்ளை இருப்பதே தெரிவதில்லை.

‘வசதி இல்லை’ என்பது சட்டப்படியான பதில் அல்ல. வசதியைச் செய்து தருவது பள்ளியின் கடமை என்றுதான் சட்டம் சொல்கிறது. அதை நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த விஷயத்தில் இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. ஒன்று, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 2009. இதன்படி 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி. தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களும் இந்தச் சட்டத்தில் வருபவை. 2012இல் செய்த திருத்தம் மாற்றுத்திறனுள்ள குழந்தைகளையும் அந்த ஒதுக்கீட்டுக்குள் கொண்டுவந்தது. (மத்திய, மாநில அரசுகளின் நிதிச் சச்சரவால் தமிழ்நாட்டில் 2025ஆம் ஆண்டு இந்தச் சேர்க்கை வழக்கமான காலத்தில் தொடங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

இன்னொன்று, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016. 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. இதில் 21 வகைகள். ஆட்டிசமும், எழுத்துக்களைப் படிக்கவும் எழுதவும் தடுமாறும் கற்றல் குறைபாடும் இதில்தான் பெயரோடு இடம் பெற்றன. குறைபாடு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சான்று பெற்ற பிள்ளைக்கு, 6 வயது முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமையை இதன் 31ஆம் பிரிவு தருகிறது. சாதாரணப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்ற தேர்வு பிள்ளையின் பக்கம் இருக்கிறது. "சிறப்புப் பள்ளிக்குத்தான் போக வேண்டும்" என்று தலைமையாசிரியர் தீர்ப்பு எழுத முடியாது.

நம் சமுதாயம் கவனிக்க வேண்டிய ஒரு முக்கியமான விஷயம் இங்கே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2014 மே மாதம் பிரமதி அறக்கட்டளை வழக்கில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்ற கேள்வியை 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு எழுப்பி, தலைமை நீதிபதியின் பார்வைக்கு அனுப்பியது. அதன் முடிவு எப்படி வந்தாலும், 2014 தீர்ப்பு பேசியது 2009 சட்டத்தைப் பற்றி மட்டுமே. 2016 சட்டத்தில் சிறுபான்மைப் பள்ளிக்கு விலக்கு தரும் பிரிவு எதுவும் இல்லை. அரசு அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களையும் அதன் 16ஆம் பிரிவு குறிப்பிடுகிறது. ‘தனியார் நிறுவனம்’ என்பதற்கு அது தரும் விளக்கத்தில் அறக்கட்டளையும் சங்கமும் வருகின்றன. ஆகவே நம் ஜமாஅத்தோ அறக்கட்டளையோ நடத்தும் அங்கீகாரம் பெற்ற பள்ளி, "நாங்கள் சிறுபான்மை நிறுவனம், எங்களுக்கு இது பொருந்தாது" என்று மாற்றுத்திறனுள்ள பிள்ளையைத் திருப்பி அனுப்ப இந்தச் சட்டத்தில் இடமில்லை. பிறர் நடத்தும் பள்ளிகளின் மீது புகார் சொல்லும் முன், நம் பள்ளி நிர்வாகிகள் இதைப் படித்துப் பார்ப்பது நல்லது.

மதரஸாக்களின் நிலை வேறு. அவற்றை 2009 சட்டத்தின் வரம்பிலிருந்து 2012 திருத்தம் விலக்கி வைத்தது. சட்டம் கேட்காவிட்டாலும் நாம் கேட்டுக்கொள்ளலாம். செவித்திறன் இல்லாத பிள்ளைக்கு வுளூவையும் தொழுகையையும் செய்கையால் காட்டிக் கற்பிக்க எத்தனை மக்தபுகளில் ஆள் இருக்கிறார்கள்? பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) பாங்கு சொன்ன வரலாற்றை பயான்களில் கேட்கிறோம். அதே பள்ளிவாசலில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் இருக்கிறதா?

பள்ளியில் சேர்த்தால் மட்டும் போதாது. கட்டடத்துக்குள் பிள்ளை நடமாட வழி, கழிப்பறை, தேவைக்கேற்ற தனிக் கவனம், பார்வையற்ற பிள்ளைக்கு பிரெய்ல், செவித்திறன் குறைந்த பிள்ளைக்குச் சைகை மொழி, விளையாட்டில் பங்கு என்று 16ஆம் பிரிவு வரிசையாகச் சொல்கிறது. பிள்ளையின் நிலைக்கு ஏற்ற நியாயமான மாற்றங்களைச் செய்ய மறுப்பதையே இந்தச் சட்டம் பாகுபாடு என்று வரையறுக்கிறது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுமுறை 50,000 முதல் 5 லட்சம் வரை. ஆனால் அதே 16ஆம் பிரிவு, அரசு இவற்றுக்காக ‘முயல வேண்டும்’ என்ற மென்மையான சொல்லில்தான் தொடங்குகிறது. சட்டம் ஏட்டில் தங்கிவிட அந்தச் சொல்லும் ஒரு காரணம் என்பது நம் கருத்து.

ஆசிரியர் விஷயத்தில் நீதிமன்றம் கொஞ்சம் கறாராகவே நடந்துகொண்டது. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவுக்குப் பிறகு, மத்திய அரசு 2022 செப்டம்பரில் கணக்கை அறிவித்தது: தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், நடுநிலை வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர். பணியிடங்களை உருவாக்கி நிரப்பும்படி 2025 மார்ச்சில் நீதிமன்றம் மாநிலங்களுக்கு மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. நடைமுறையில், பல பள்ளிகளுக்குச் சிறப்பாசிரியர் வட்டார வள மையத்திலிருந்து முறை வைத்துத்தான் வருகிறார். எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது பெற்றோரின் உரிமை.

தேர்வுச் சலுகைகளை ஆண்டு தொடக்கத்திலேயே கேளுங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வுகளில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு ஆகியவை குறைபாட்டின் தன்மைக்கேற்பத் தமிழ்நாட்டில் தரப்படுகின்றன. மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நேரத்தில் போய் நின்றால் பயனில்லை. வீட்டில் உருது பேசும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அங்கே பிள்ளை உருது, அரபு, தமிழ், ஆங்கிலம் என்று நான்கு எழுத்துக்களோடு போராடுகிறது. கற்றல் குறைபாடு உள்ள பிள்ளையை ‘சோம்பேறி’ என்று அடிப்பதற்கு முன் ஒருமுறை பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறைவு என்றால் சொல்வதை எழுதுபவர் கிடைக்காது என்று சிலர் சொல்வார்கள். அது பழைய கதை. எழுதும்போது விரல்கள் இறுகிக்கொள்ளும் குறைபாடுள்ள விகாஷ் குமார் தொடுத்த வழக்கில், அந்த அளவுகோல் இதற்குத் தேவையில்லை என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் அடிப்படையில் 2022 ஆகஸ்டில் வழிகாட்டு நெறிகளும் வந்துவிட்டன.

காஞ்சிபுரத்தில் பெற்றோரை மிகவும் தடுப்பது கூலி இழப்பு. கோர்வைச் சேலை நெய்யத் தறியில் இருவர் உட்கார வேண்டும். பிள்ளையை அழைத்துக்கொண்டு ஒருவர் எழுந்து போனால் தறி நின்றுவிடும். இதற்காகவே ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பிள்ளைக்குப் பயணப்படியும், உடன் செல்பவருக்குத் தனிப் படியும் உண்டு. சிறப்புத் தேவையுள்ள மாணவிகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்கு உதவித்தொகை உண்டு. கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளை வீட்டிலிருந்தே கல்வி பெறலாம் என்றும் 2012 திருத்தம் சொல்கிறது. அது பெற்றோர் விரும்பித் தேர்வதற்கான வழி. பள்ளி பிள்ளையை விலக்கி வைப்பதற்கான சாக்காக அதை மாற்ற விடக்கூடாது.

எல்லாவற்றுக்கும் முதல் படி மருத்துவச் சான்றும், மத்திய அரசின் தனித்துவ அடையாள அட்டையும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள். செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்குச் சின்ன காஞ்சிபுரம் சதாவரத்திலேயே அரசுப் பள்ளி இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் உள்ள பிள்ளைகளுக்கு, இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்துவிட்ட முட்டுக்காட்டில் 2005 முதல் தேசிய நிறுவனம் இயங்குகிறது.

பள்ளி மறுத்தால் வாய்ச்சண்டை வேண்டாம். விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து, மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். அந்தக் கேள்வியிலேயே பல நிர்வாகங்கள் இறங்கி வந்துவிடும். வராவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போகலாம். இத்தகைய சேர்க்கைகளைக் கவனிக்க அங்கே ஒரு தொடர்பு அலுவலர் இருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மத்திய விதிகள் சொல்கின்றன. திங்கள்கிழமை ஆட்சியரின் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். அதற்கும் மேலே சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். ஆளையும் ஆவணத்தையும் வரவழைத்து விசாரிக்கும் உரிமையியல் நீதிமன்ற அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் பரிந்துரை அனுப்பினால், சம்பந்தப்பட்ட அதிகாரி மூன்று மாதத்துக்குள் நடவடிக்கையையோ, ஏற்காததன் காரணத்தையோ தெரிவித்தாக வேண்டும். மனுவில் எத்தனையாம் சட்டம், எத்தனையாம் பிரிவு என்று குறிப்பிடுங்கள்: ‘மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவுகள் 3, 16, 31’. ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வராதீர்கள்.