படத்தில் உள்ளதும் புழக்கத்தில் உள்ளதும்



எளாவூரை அடுத்த பள்ளியொன்றில் நான் ஆசிரியனாக இருந்தபோது, சுவரில் தொங்கிய படத்தில் பழவேற்காடு ஏரியின் வழியே செல்லும் நீலக்கோட்டைச் சுட்டி, "இது பக்கிங்காம் கால்வாய், இதில் சரக்குப் படகுகள் சென்னைக்குச் செல்கின்றன" என்று பாடம் நடத்தினேன். மீனவர் குப்பத்துச் சிறுவன் ஒருவன் எழுந்து, "சார், அதெல்லாம் எங்க தாத்தா காலத்துலதான் போச்சாம், இப்ப ஒண்ணும் போறதில்லை" என்றான். வகுப்பு சிரித்தது. அவன் கூறியதே சரி. படத்திலும் பிழையில்லை, கால்வாய் அங்கே இருந்தது. அது எந்த நிலையில் இருந்தது என்பதைத்தான் படம் கூறவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டத் தொடங்கி, 1878-இல் ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்று, பின் ரயிலுக்கும் லாரிக்கும் இடம் விட்டு ஒதுங்கிய அக்கால்வாய், 2008-இல் நான்காம் தேசிய நீர்வழியின் ஒரு பகுதியாக அறிவிக்கப்பட்டது. வெட்டப்படுவது, புழங்குவது, கைவிடப்பட்டது, மீண்டும் திட்டத்தில் உள்ளது என்று எத்தனை பருவங்கள்! கோடு மட்டும் ஒரே நீலம்.

மென்பொருளை அமைப்போரும் இத்தகைய படம் வரைகிறார்கள். ஒவ்வோர் உறுப்பும் ஒரு பெட்டி. எது எதனிடம் வேலை கேட்கிறது என்பதற்கு அம்புக்குறி. ரயில் பயணச்சீட்டு என்றால் இருக்கைப் பதிவேடு ஒரு பெட்டி, பணம் பெறுவது மற்றொன்று. இவற்றுக்கும் பிறப்பும் மூப்பும் உண்டு. ஆகவே, நல்ல படத்தில் திட்டத்தில் உள்ள பெட்டிக்குப் புள்ளிக்கோடு, புழங்குவதற்கு முழுக்கோடு, விலக்கப்படுவதற்குக் குறுக்குக்கோடு என்று வேறுபாடு காட்டுவார்கள். வண்ணத்தை மட்டும் நம்பலாகாது. கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் அது மறைந்துவிடும். நிலை மாறிய தேதியும் பொறுப்பாளர் பெயரும் அருகில் இருத்தல் வேண்டும்.

இது வெறும் சித்திர வேலை என்று எண்ண வேண்டா. அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்னும் பங்கு வணிக நிறுவனம் 2003-இல் பயன்படுத்துவதை நிறுத்திய ஒரு செயல்நிரலை அழிக்காமலே வைத்திருந்தது. 2012-இல் புதிய நிரலை ஏற்றியபோது, பழையதை இயக்கிய அதே அடையாளக்குறியைப் புதியதற்கும் கொடுத்தார்கள். எட்டுக் கணிப்பொறிகளில் ஒன்றில் புதிய நிரல் ஏற்றப்படாமல் விடுபட்டது. ஆகஸ்டு 1 அன்று சந்தை திறந்ததும், அந்த ஒன்றில் பழைய நிரல் விழித்துக்கொண்டு ஓயாது பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கிற்று. 45 நிமிடங்களில் ஏற்பட்ட நிலைமையால் நட்டம் 46 கோடி டாலரைத் தாண்டியது. நிறுத்திவைத்தது வேறு, நீக்கியது வேறு. இரண்டிற்கும் தனித்தனிக் குறி தேவை.

நீக்குமுன் பார்க்க வேண்டியது பெட்டியை அன்று. அதனுள் வரும் அம்புகளை. கணிப்பொறித் துறையில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் தம் படத்தைக் காட்டினார். ஒரு பெட்டியின்மேல் 'நீக்கப்பட வேண்டியது' என்றிருந்தது. குறித்த தேதி கடந்து ஈராண்டு ஆகியிருந்தது. அதனுள் இன்னும் ஓர் அம்பு செல்கிறது. அதை அனுப்புவது யாரென்று அவர் தேடிக்கொண்டிருக்கிறார்.